ஆற்றில் அப்லோடு, குளத்தில் டவுன்லோடு

இணையத்தைக் கண்டுபிடித்தது அமெரிக்கா என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். 1969 அக்டோபர் 29 ராத்திரி, லாஸ் ஏஞ்சலஸில் இருந்த ஒரு கம்ப்யூட்டரிலிருந்து ஸ்டான்ஃபோர்டு பக்கம் இருந்த இன்னொன்றுக்கு ‘லாகின்’ என்று ஐந்து ஆங்கில எழுத்தை அனுப்பப் பார்த்தார்கள். இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்தது. அதற்குள் எதிர்முனை மெஷின் படுத்துவிட்டது. இதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

எங்கள் விருத்தாசலத்தில் அதற்கு ஆயிரத்துச் சொச்ச வருஷம் முன்னாலேயே பன்னிரண்டாயிரம் பொன்னை ஆற்றில் போட்டு, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் திருவாரூர்க் குளத்தில் எடுத்திருக்கிறார்கள். ஒரு காசு குறையவில்லை. இத்தனைக்கும் மணிமுத்தாறு திருவாரூர்ப் பக்கமே போவதில்லை. கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலைப் பார்த்துவிடுகிறது. நடுவில் கொள்ளிடம், காவிரி என்று ஆறுகள் குறுக்கே கிடக்கின்றன. பொட்டலம் எந்த வழியாகப் போனது என்று கேட்காதீர்கள். உங்கள் வாட்ஸப் செய்தி எந்த வழியாகப் போகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

அனுப்பியவர் சுந்தரமூர்த்தி நாயனார். அவரைத் தமிழ்நாட்டின் முதல் புரோகிராமர் என்று நான் சொன்னால் சைவப் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆளைப் பாருங்கள். நிலையான உத்தியோகம் கிடையாது. ஊர் ஊராகப் போவார், பாட்டு எழுதுவார், பொன்னோ நெல்லோ வாங்குவார். வாடிக்கையாளர் ஒரே ஒருவர், சிவபெருமான். அவரையே கல்யாணப் பந்தலில் பைத்தியக்காரன் என்று ஏசிவிட்டு, அந்த ஏச்சையே முதல் பாட்டின் முதல் சொல்லாக வைத்துத் தொழிலை ஆரம்பித்த மனுஷன். வாக்கு மீறியதில் இரண்டு கண்ணும் போய், இடது கண்ணைக் காஞ்சிபுரத்திலும் வலது கண்ணைத் திருவாரூரிலும் தவணை முறையில் திரும்பப் பெற்றவர். இரண்டாம் கல்யாணச் சேதி தெரிந்து மூத்தவள் பரவையார் கதவைச் சாத்திக்கொண்டபோது, நள்ளிரவில் கடவுளையே தூது அனுப்பியவர். அவரும் போனார். பரவையார் முடியாது என்று திருப்பி அனுப்ப, மறுபடியும் போனார். இருபத்து நாலு மணி நேர சப்போர்ட் என்று கம்பெனிகள் விளம்பரம் போடுகின்றனவே, அது இது.

சரி, பொன் விஷயம். திருமுதுகுன்றம் என்று அப்போது பெயர் வழங்கிய எங்கள் ஊருக்கு வந்து பழமலைநாதரைப் பாடினார். பன்னிரண்டாயிரம் பொன் சாங்ஷன் ஆயிற்று. தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? வழியில் திருடர் பயம், அதனால்தான் ஆற்றில் போட்டார் என்று ஊரில் சொல்வார்கள். சேக்கிழார் சொல்லும் காரணம் வேறு. திருவாரூர்க்காரர்கள் வாயைப் பிளக்க வேண்டும், அதற்காக அங்கே வந்து சேர வேண்டும் என்று கேட்டாராம். எனக்குச் சேக்கிழார் கட்சிதான் பிடித்திருக்கிறது. பொழுதுபோக்காகப் புரோகிராம் எழுதுகிற எவனுக்கும் பணம் பெரிதில்லை. நாலு பேர் பார்க்க டெமோ காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் மனுஷன் விவரமானவர். ஆற்றில் போடுமுன் மச்சம் என்று ஒரு துணுக்குப் பொன்னை மாதிரிக்கு எடுத்து வைத்துக்கொண்டார். இன்றைக்கு ஒரு கோப்பை இறக்கிக்கொண்டதும் அது வழியில் கெட்டுப்போகாமல் முழுசாக வந்ததா என்று பார்க்க ‘செக்சம்’ என்று ஓர் எண்ணை ஒப்பிடுகிறோமே, அந்த வேலையைத்தான் இந்த மச்சம் செய்தது. திருவாரூர் போய்ச் சேர்ந்து, மனைவியைக் கமலாலயக் கரையில் நிறுத்திவிட்டு, குளத்தில் இறங்கித் துழாவுகிறார். ஒன்றும் தட்டுப்படவில்லை. பரவையார் சிரித்துக்கொண்டே கேட்டதுதான் ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிற கதையா என்பது. நாம் இன்றும் யாரையாவது கேலி செய்ய அதைத்தான் எடுக்கிறோம். அவர் பாடப் பாடப் பொன் வந்தது. வந்ததை மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால் மாற்று குறைகிறது! மறுபடியும் பாட்டு, மறுபடியும் உரைப்பு. கடைசியில் சரியாயிற்று. உரைத்துச் சொன்ன பிள்ளையார் மாற்றுரைத்த விநாயகர் என்ற பெயரோடு இன்னமும் திருவாரூரில் உட்கார்ந்திருக்கிறார். டெஸ்டிங் டிபார்ட்மென்டுக்குக் கோயில் கட்டிய ஒரே தேசம் நம்முடையது.

இந்த ஊர்க்காரனாகப் பிறந்ததில் எனக்கும் அந்தப் புரோகிராம் வியாதி தொற்றிக்கொண்டது. வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் ஜங்ஷன். உள்ளே வந்து பார்த்தவர்களுக்குச் செராமிக். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற வெள்ளைக் களிமண்ணை நம்பி இங்கே பீங்கான் தொழிற்பேட்டை உண்டு, பீங்கான் வேலையைப் படிப்பாகச் சொல்லித்தரும் அரசு நிறுவனம் உண்டு. கொலு பொம்மை, அகல் விளக்கு, கரண்டு கம்பத்துக்கு வேண்டிய இன்சுலேட்டர், ஸ்விட்ச் போர்டில் செருகும் பீஸ் கட்டை எல்லாம் இங்கே சுடுவார்கள். அப்படி ஒரு கம்பெனியில் பகலில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் புரோகிராம். சூளை வெப்பத்தைக் குறித்துவைக்க ஒன்று எழுதினேன். சூளைக்காரர் ஓட்டை வழியாக ஒரு கண்ணை இடுக்கி நெருப்பின் நிறத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, உன் பொட்டி சொல்றதுக்கு முன்னாடியே நான் சொல்லிடுவேன்” என்றார். மொய்க் கணக்குக்கு ஒன்று எழுதினேன். சொந்தக்காரர்கள் யார் எவ்வளவு குறைத்து எழுதினார்கள் என்று அது வரிசைப்படுத்திக் காட்டியதில் குடும்பத்தில் இரண்டு பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. நல்ல மென்பொருள்தான். “சம்பளம் தராத கம்பெனிக்கு நைட் ஷிப்டா?” என்று வீட்டில் கேட்டபோது, கமலாலயக் கரை என் சமையலறை வரைக்கும் நீண்டிருக்கிறது என்று தெரிந்தது.

எனக்கு முன்னால் இந்த நைட் ஷிப்டு பார்த்த மகானுபாவர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழ் கம்ப்யூட்டருக்குள் வந்ததே அவர்களால்தான். ஏதோ ஒரு துறை கமிட்டி போட்டு, கமிட்டி அறிக்கை கொடுத்து, அமைச்சர் ரிப்பன் வெட்டி வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பைக் கழற்றி வையுங்கள். கனடாவில் சீனிவாசன் என்பவர் 1984 வாக்கில் ‘ஆதமி’ என்ற தமிழ் எழுதி ஒன்றைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ கொட்டினார். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கல்யாணசுந்தரம் பகலெல்லாம் ஒளி வேதியியல் ஆராய்ச்சி, சாயத்தைக் கொண்டு சூரிய மின்சாரம் எடுக்கிற வேலை. சூரியன் மறைந்ததும் ‘மயிலை’ எழுத்துரு. அதோடு விட்டாரா? 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, உலகத்தின் நாலு மூலையிலும் இருந்தவர்களைச் சங்க இலக்கியம் தட்டச்சு செய்ய உட்கார வைத்தார். கூலி கிடையாது, பேட்டா கிடையாது. சிங்கப்பூரில் சிறுகதை எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, 1995 அக்டோபரில் அந்த நாட்டுக் கவிதைகளை நாலு மொழியிலும் இணையத்தில் ஏற்றியபோது தமிழையும் விட்டுவிடாமல் ஏற்றினார். குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். 1999இல் கோவிந்தசாமி போய்விட்டார். சென்னையில் நாம் அப்போது எழுத்துருவை ஃப்ளாப்பியில் வைத்துக் கைமாற்றிக்கொண்டிருந்தோம்.

இத்தனை பேரும் கெட்டிக்காரர்கள், இத்தனை பேரும் தமிழர்கள். ஆகவே இரண்டு பேருக்கு ஒரே ஏற்பாடு வைக்கத் தோன்றவில்லை. ஓர் எழுத்துருவில் ‘க’ உட்கார்ந்திருந்த நாற்காலியில் இன்னொன்றில் ‘ழூ’ காலாட்டிக்கொண்டிருக்கும். டொராண்டோவில் இருக்கிற தம்பி, அம்மா சௌக்கியமா என்று உருகி உருகி எழுதி அனுப்புவான். ஊரில் திறந்தால் மேலே கொம்பும் கீழே வாலும் முளைத்த ரோமன் எழுத்துகள் பல்லை இளிக்கும். போட்டது ஆற்றில்தான், கிடைத்தது குளத்தில்தான், மாற்று மட்டும் அதல பாதாளத்தில்.

வெளிநாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசி, சண்டை போட்டு, டிஸ்கி என்று ஒரு குறியேற்றம் கண்டார்கள். ஈழத்தவர் தங்கள் பாமினி எழுத்துருவை விடமாட்டோம் என்றார்கள். 1999இல் தமிழ்நாட்டு அரசு தலையிட்டுத் தரப்படுத்தியது. ஒரே தரம் என்றால் சண்டை வரும் என்று டாம், டாப் என்று இரண்டு தரமாகத் தந்தது. கூடவே வந்த தமிழ்99 விசைப்பலகை மட்டும் அருமையான சரக்கு. அதை இன்றைக்கும் நம்மில் பாதிப் பேர் தொடுவதில்லை. இதற்கிடையே உலக மொழிகளுக்கெல்லாம் பொதுக் குறியேற்றமான யூனிகோடு 1991லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கி வைத்துவிட்டது. 128 கட்டம், அதிலும் பாதி காலி. 247 எழுத்துக்காரர்களை 128 மனையில் எப்படிக் குடிவைப்பது என்று ஆரம்பித்த வழக்கு 2010 ஜூன் வரை ஓடியது. கடைசியில் அரசாணை வந்தது: யூனிகோடும் சரி, எழுத்துக்கு எழுத்து தனி மனை தரும் டேஸ்16ம் சரி. மறுபடியும் இரண்டு!

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் அதிராம்பட்டினத்து உமர்தம்பி. துபாயில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். யூனிகோடு வந்துவிட்டது, ஆனால் நம் ஜனங்களின் வீட்டில் இருந்ததோ விண்டோஸ் 98. அதில் யூனிகோடு தமிழ் எழுத்துரு கிடையாது. பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆஸ்பத்திரி ஜன்னல் மாதிரி. எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொள் என்று தாத்தாவுக்கு யார் போய்ச் சொல்லிக்கொடுப்பது? உமர்தம்பி ‘தேனீ’ என்ற இயங்கு எழுத்துருவைச் செய்தார். படிக்கிறவர் எதையும் நிறுவ வேண்டாம். பக்கம் வரும்போதே எழுத்தும் கூட வந்துவிடும், மாப்பிள்ளை சீர்வரிசையைத் தானே சுமந்துகொண்டு வருவதுபோல. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் அந்த வித்தை பலித்தது. அப்போது எல்லாரிடமும் இருந்தது அதுதான். தமிழில் தட்ட ஓர் எழுதியும் செய்து கொடுத்தார். எல்லாமே இலவசம். 2006 ஜூலையில் இறந்தபோது வயது 53. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் படித்த பலர் அவர் பெயர் தெரியாமலேயே அவர் எழுத்தில் படித்தவர்கள்.

நான் செய்தது இதில் கால் தூசு. ஜங்ஷன் ரோட்டில் ஓர் அச்சகக்காரர் பழைய எழுத்துருவில் இருந்த கல்யாணப் பத்திரிகைகளை யூனிகோடுக்கு மாற்ற ஏதாவது வழி உண்டா என்றார். சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ மாற்றி ஏற்கெனவே இருந்தது, நன்றாகவே வேலை செய்தது. அதைக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இருப்பதை உபயோகிக்கிறவன் பொழுதுபோக்குப் புரோகிராமர் ஆக மாட்டானே! நானே எழுத உட்கார்ந்தேன். பழைய எழுத்துருவில் ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, அப்புறம் ககரம், அப்புறம் கால், கையால் எழுதுகிற வரிசை. யூனிகோடில் முதலில் ககரம், அதற்குப் பின்னால்தான் மற்றதெல்லாம். வரிசையைப் புரட்டிப் போடாமல் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் என்ன வரும்? பத்திரிகையின் உச்சியில் ‘ெகாளஞ்சியப்பர் துைண’ என்று வந்தது. பெண் வீட்டார் பார்த்துவிட்டு, சாமி பெயரே உடைந்து வருகிறது, நாளை மாற்றலாமா என்று ஜோசியரைக் கேட்கப் போய்விட்டார்கள். ஜோசியர் நல்லவர், அச்சகத்தை மாற்றச் சொன்னார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போய்விடலாம். ஆனால் இந்த ராத்திரி வேலைக்கு இன்னொரு முகம் உண்டு. டெரி டேவிஸ் என்று ஓர் அமெரிக்கர், 1969இல் பிறந்தவர். அவர் தனி ஒருவனாகப் பத்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து ஓர் இயங்குதளத்தையே எழுதினார். அதற்கான மொழியும் அவருடையது, அதை இயந்திரத்துக்குப் புரியவைக்கும் கம்பைலரும் அவருடையது. பெயர் டெம்பிள் ஓஎஸ். கடவுளுக்குக் கட்டிய கோயில் என்றார். திரை 640க்கு 480 புள்ளி, பதினாறே நிறம், இது கடவுளின் உத்தரவு என்றார். இணையத் தொடர்பே வைக்கவில்லை. அந்தக் கோயிலிலிருந்து எந்த ஆற்றிலும் எதையும் போட முடியாது. அவருக்கு மனச்சிதைவு நோய் இருந்தது, மருத்துவர்களே கண்டுசொன்னது. விஷயம் தெரிந்தவர்கள் அவருடைய கம்பைலரைப் பார்த்து அசந்துபோனார்கள். வேறு சிலர் பொழுது போகாமல் அவரைச் சீண்டிச் சீண்டிக் கத்தவைத்து வேடிக்கை பார்த்தார்கள். கடைசிக் காலத்தில் வீடு வாசல் இல்லாமல் அலைந்து, 2018 ஆகஸ்டில் ஓரிகன் மாநிலத்தில் ரயில் மோதி இறந்தார். வயது 48.

இதைப் படித்தபோது எனக்குத் திருநின்றவூர்ப் பூசலார் ஞாபகம்தான் வந்தது. கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. மனசுக்குள்ளேயே கல் எடுத்து, நாள் பார்த்து, அடிக்கல் போட்டு, தூங்காமல்கொள்ளாமல் விமானம் வரை எழுப்பி, குடமுழுக்குக்கும் தேதி குறித்துவிட்டார். அதே தேதியில் காஞ்சியில் பல்லவ ராஜா நிஜக் கல்லில் கட்டிய கோயிலுக்கும் குடமுழுக்கு. சிவபெருமான் ராஜாவின் கனவில் வந்து, எனக்கு அன்றைக்கு நின்றவூரில் வேலை இருக்கிறது, நீ தேதியைத் தள்ளி வை என்றாராம். ராஜா கிளம்பி வந்து பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று ஊரைக் கேட்கிறான். ஒருத்தருக்கும் தெரியவில்லை. கடைசியில் பூசலாரையே கண்டு, கதையைக் கேட்டுக் காலில் விழுந்தான். பூசலாருக்கு என்ன இருந்தது, என்ன இல்லை என்று சீட்டு எழுத நான் டாக்டர் இல்லை. நோயைப் பக்தி என்று பூசி மெழுகவும் எனக்கு இஷ்டமில்லை. டெரிக்குத் தேவைப்பட்டது மருந்தும் பராமரிப்பும்தான். ஆனால் ஒன்று கவனித்தேன். பூசலாரைத் தேடிக்கொண்டு ஒருத்தன் நேரில் வந்தான், நீ கட்டியது எங்கே என்று மரியாதையாகக் கேட்டான். டெரியைத் தேடி வந்தவர்களில் பலர் கையில் கேமராவோடு வந்தார்கள்.

எனக்கே ஒரு கோடையில் கொஞ்சம் உறைத்தது. தூக்கம் அறவே போய்விட்டது. படுத்தால் கண்ணுக்குள் கொம்பும் காலும் வரிசை மாறி மாறி நிற்கும். நெஞ்சு படபடவென்று அடித்தது. மாரடைப்பு என்று முடிவு செய்து, பெட்டியைத் திறந்து எல்ஐசி பத்திரத்தை எடுத்து மேலே வைத்துவிட்டு, கடலூருக்கு ஓடினேன். ஈசிஜி சுத்தம். “ராத்திரி என்ன வேலை பாக்கறீங்க?” என்றார் டாக்டர். “சம்பளம் இல்லாத வேலை, சார்” என்றேன். மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதினார். போனேன், சில மாதம் மாத்திரை சாப்பிட்டேன். மாமியார் வீட்டில் அதை வயிற்றுப்புண் மாத்திரை என்று சொல்லிவைத்திருந்தோம். மூளைக்கு மாத்திரை என்றால்தான் நம் ஊரில் மானக்கேடு, வயிற்றுக்கு என்றால் மோர் கொடுப்பார்கள்.

எங்கள் ஊரில் சுடுகிற பீஸ் கட்டையில் ஒரு மெல்லிய கம்பி ஓடும். லோடு அதிகமானால் அது உருகி அறுந்து வீட்டைக் காப்பாற்றும். அடிக்கடி பீஸ் போகிறதே என்று அதை எடுத்துவிட்டுத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றும் கெட்டிக்காரர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. அப்புறம் பீஸ் போகாது, ஒயர் எரியும். காபியும் பிடிவாதமும் சேர்த்து நான் சுற்றி வைத்திருந்தது அந்தச் செம்புக் கம்பியைத்தான். இப்போது பதினொன்றரைக்கு மெஷினை அணைத்துவிடுகிறேன். பெரும்பாலும்.

ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. முருகன்தான். திருமுதுகுன்றத்தைப் பாடாமல் கடந்துபோகப் பார்த்த சுந்தரரை வேடன் வேஷத்தில் மடக்கிப் பொருளைப் பறித்து, விருத்தாசலத்துக்கு வந்து வாங்கிக்கொள் என்று திருப்பிவிட்டவர் என்று தலபுராணம். அங்கே பிராது கட்டுவது வழக்கம். என்ன குறை, யாரால், எப்போது என்று தாளில் விவரமாக எழுதி முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட வேண்டும். கடன் வாங்கித் திருப்பித் தராதவன், காணாமல் போன மாடு, குடிகாரப் புருஷன் எல்லாம் அங்கே பதிவாகும். காரியம் முடிந்ததும் திரும்ப வந்து முறைப்படி பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர். மென்பொருள் கம்பெனிகள் பிழைகளைப் பதிந்துவைக்கக் கோடி கோடியாகச் செலவழித்து இதே ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. ராஜினாமா செய்யும் ஒழுக்கம்தான் அங்கே கிடையாது. போன மாதம் போய்ப் பார்த்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மாள் ஒரு முழுத்தாளின் இரண்டு பக்கமும் எழுதி முடித்து, ஓரத்திலும் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்தபோது அவர் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

ஆகவே ராத்திரிப் புரோகிராமர்களே, யாரும் கேட்காததை எழுதிக்கொண்டே இருங்கள், தமிழுக்கு அது தேவைப்படுகிறது. மனசில் இருப்பதை ஒரு தாளில் எழுதிக் கொளஞ்சியப்பருக்குக் கட்டுங்கள், தப்பில்லை. அதோடு தூக்கம் நாள்கணக்கில் வராவிட்டால், எதுவும் வேண்டாம் என்று தோன்றினால், 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் ஆரம்பித்த டெலி மானஸ், அரசாங்கத்து மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் முழித்துக்கொண்டுதான் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.